அமினோ அமில ரிப்போர்ட்டில் ஐந்து சிவப்பு எண்கள்: அண்ணனுக்கு மாற்று சிகிச்சை வேண்டாமா?

தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு 43 வயது. சொந்த லாரியில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோகிறவர். விடாத காய்ச்சலும் ஈறில் ரத்தக்கசிவுமாகத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் பரிசோதித்தபோது ஏ.எம்.எல். என்கிற தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதல் சுற்று கீமோ முடிந்துவிட்டது. மஜ்ஜையில் புற்றணுக்கள் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டன, நோய் அடங்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனையில் என்.பி.எம்.1 மாற்றமும், எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. மாற்றமும் இருக்கின்றன. அடுத்த சுற்றுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும், மஜ்ஜை கொடுக்கப் பொருந்துமா என்று உடன்பிறந்தவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் கூறியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் அண்ணன் மகன் செல்போனில் ஒரு செய்தியைப் படித்திருக்கிறான். ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்களை (புரதத்தைக் கட்டும் சிறு பொருட்களை) அளந்தால், லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தவர் பிழைப்பாரா மாட்டாரா என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பது செய்தி. தென்காசியில் ஒரு ரத்த சேகரிப்பு மையத்தில் சொல்லி, அண்ணனிடம் 'வழக்கமான டெஸ்ட்' என்று மட்டும் கூறி ரத்தம் எடுக்க வைத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ஐந்து எண்கள் சிவப்பில் வந்தன. 'ரத்தமே சரியில்லை, லாரியை விற்று மாற்று சிகிச்சை செய்து என்ன பயன்' என்று வீட்டில் பேச்சு. புற்றுநோய்க்குப் புரதம்தான் தீனி என்று யாரோ சொன்னதால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே அண்ணி முட்டை, மீன், பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். 66 கிலோ இருந்தவர் இப்போது 58 கிலோ. மருத்துவமனையில் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்பது கடைசிக் கேள்வி. அண்ணனுக்கு இந்த ரிப்போர்ட் விஷயம் எதுவும் தெரியாது.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களுக்குத் தேவையான பதில். அந்த ரிப்போர்ட்டை வைத்து மாற்று சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். அதற்கு அந்தத் தகுதி இல்லை. நிறுத்திய சாப்பாட்டை இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் மருமகன் படித்த செய்தி பொய் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கும் அமினோ அமிலங்களுக்கும் உள்ள தொடர்பு பழைய கதை. 1953-ல் ஜான் கிட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், கினிப்பன்றியின் ரத்தநீரைச் செலுத்தினால் எலிகளில் சில நிணநீர்ப் புற்றுக்கட்டிகள் கரைவதைக் கண்டார். அதற்குக் காரணம் அந்த ரத்தநீரில் இருந்த அஸ்பராஜினேஸ் என்ற நொதிதான் என்று 1961-ல் புரூம் காட்டினார். அஸ்பராஜின் என்கிற அமினோ அமிலத்தை நம் உடம்பின் சாதாரண அணுக்கள் தாங்களே தயாரித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் வகையின் அணுக்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ரத்தத்தில் அதை ஒழித்துவிட்டால் அவை பட்டினியில் சாகும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் இத்தனை பேர் குணமாவதில், மருந்தாகிவிட்ட அந்த நொதிக்கு முக்கியமான பங்கு உண்டு.

உங்கள் அண்ணனுக்கு வந்திருக்கும் ஏ.எம்.எல். வகையிலும் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஐ.டி.எச். மரபணு மாறியவர்களின் ரத்தத்தில், குளுட்டமின் வழியாக உருவாகிற ஒரு பொருள் ஏராளமாகச் சேர்கிறது என்று 2010-ல் தெரியவந்தது. சில வருடங்களில் அந்த மரபணுவைக் குறிவைத்த மாத்திரைகளே வந்துவிட்டன. லியூசின் போன்ற கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைக் கையாளும் ஒரு நொதி சில நோயாளிகளின் புற்றணுக்களில் மிகுந்திருப்பதை 2017-ல் கண்டார்கள். நோயைத் திரும்பத் திரும்ப முளைக்க வைக்கும் மூல அணுக்கள் ஆற்றலுக்கு அமினோ அமிலங்களை நம்பியிருப்பதும், வெனிட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் என்ற மருந்துகள் சேர்ந்து அந்த வழியை அடைப்பதும் 2018-ல் தெரிந்தன. டிரிப்டோஃபேன் குறைந்து, அதிலிருந்து உண்டாகும் கைனுரெனின் கூடியிருக்கும் நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தது என்றும் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, இவ்வளவு இருக்கும்போது அந்த ரிப்போர்ட்டை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன்?

ஆய்வில் வரும் குறியீடு வேறு, ஆஸ்பத்திரியில் பயன்படும் பரிசோதனை வேறு

இப்படிப்பட்ட ஆய்வுகளில், சில நூறு நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள பல பொருட்களை ஒரே நேரத்தில் அளப்பார்கள். பிறகு யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பார்த்து, இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்டும் பொருட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அத்தனை பொருட்களை அளந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பிரித்துக் காட்டிவிடும். அதனால் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், வேறு நோயாளிகளிடம் அதே எண் அதே பதிலைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். வயது, மரபணு, கீமோவுக்கு மஜ்ஜை எப்படி இணங்கியது ஆகியவை நமக்கு முன்பே தெரியும். இவற்றுக்கு மேலாக இந்த எண் புதிதாக ஏதாவது சொல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியில், அந்த எண்ணைப் பார்த்து சிகிச்சையை மாற்றினால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று நிரூபிக்க வேண்டும். ஏ.எம்.எல். நோயாளியை எந்த ஆபத்துப் பிரிவில் சேர்ப்பது என்பதற்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பின் 2022-ஆம் ஆண்டு வகைப்பாட்டில், ரத்த அமினோ அமில அளவுகளுக்கு இடமே இல்லை.

இன்னொன்று. 'மோசமான கூட்டம்' என்று ஆய்வு சொல்லும் கூட்டத்திலும் பிழைத்தவர்கள் இருப்பார்கள், 'நல்ல கூட்டத்திலும்' இறந்தவர்கள் இருப்பார்கள். ஒரு மனிதர் எந்தப் பக்கம் போவார் என்று எந்த ஆய்வும் பெயர் குறித்துச் சொல்வதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டையே பார்ப்போம்

கடிதத்தோடு நகல் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. சிவப்பில் உள்ளவை: குளுட்டமேட் அதிகம், ஆர்னித்தின் அதிகம், குளுட்டமின் குறைவு, ஆர்ஜினின் குறைவு, டிரிப்டோஃபேன் குறைவு. அவற்றை விட்டுவிட்டு மேலே இடது மூலையில் உள்ள சின்ன எழுத்துகளைப் பாருங்கள். ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.10. ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் மறுநாள் காலை 11.30. நடுவில் ஒரு முழு இரவு. ரத்தநீரைப் பிரித்து உறைய வைத்து அனுப்பியதாக எங்கும் குறிப்பு இல்லை.

அமினோ அமிலம் அளக்க வேண்டுமென்றால், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, உடனே குளிரில் வைத்து, ரத்தநீரைச் சீக்கிரம் பிரித்தெடுக்க வேண்டும். குழாயிலேயே விட்டுவைத்தால், சிவப்பணுக்களிலிருந்து கசியும் ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினை ஆர்னித்தினாக மாற்றிக்கொண்டே இருக்கும். குளுட்டமின் சிதைந்து குளுட்டமேட் கூடும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஐந்து சிவப்பு எண்களில் நான்கு, குழாயில் காத்துக்கிடந்த ரத்தம் காட்டக்கூடிய அதே மாற்றங்கள்தான். ஐந்தாவது டிரிப்டோஃபேன். உடம்பில் தொற்றும் அழற்சியும் இருந்தால் அது குறையும், போதுமான சாப்பாடு இல்லாவிட்டாலும் குறையும். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் ஊசி முடிந்த ஐந்தாம் நாள் எடுத்த ரத்தம் இது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புரதம் நிறுத்தி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தத் தாள் காட்டுவது ஒரு ராத்திரி நேரப் பயணத்தையும் ஒரு காய்ச்சலையும் கொஞ்சம் பட்டினியையும்தான் என்பது என் கணிப்பு. உங்கள் அண்ணனின் ஆயுள் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. ரத்தப் புற்றுநோய் என்றதும் பயந்துபோன ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒரு பரிசோதனையை விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவரும் இல்லாமல், சிவப்பு மை மட்டும் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

நீங்கள் தேடும் ரத்தப் பரிசோதனை உண்மையிலேயே இருக்கிறது

அண்ணனுக்கு என்.பி.எம்.1 மாற்றம் இருப்பது ஒரு வகையில் நமக்குக் கிடைத்த பிடி. அந்த மாறிய மரபணுவின் தடயம் மிச்சம் இருக்கிறதா என்பதை பி.சி.ஆர். முறையில் மிக நுட்பமாகத் தேட முடியும். இரண்டாவது சுற்று கீமோவுக்குப் பிறகு கையிலிருந்து எடுத்த ரத்தத்திலேயே பார்க்கலாம். பிரிட்டனில் 346 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். இரண்டாவது சுற்றுக்குப் பின்னும் ரத்தத்தில் தடயம் இருந்தவர்களில், மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 82 சதவீதம். தடயம் இல்லாதவர்களில் 30 சதவீதம். மூன்று ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 24 சதவீதம், இரண்டாவதில் 75 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுவதற்காக எழுதவில்லை. இந்த முடிவு வந்தால் மருத்துவர் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். தடயம் இருந்தால் மாற்று சிகிச்சையை நோக்கி வேகமாகப் போவார். இல்லாவிட்டால் உங்களோடு உட்கார்ந்து சாதக பாதகங்களைப் பேசுவார். அதனால் அடுத்த முறை போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் என்.பி.எம்.1 தடயம் பார்ப்பீர்களா, ரத்தத்திலா மஜ்ஜையிலா, எப்போது ரிசல்ட் வரும்?" எஃப்.எல்.டி.3 மாற்றத்துக்கென்றே மிடோஸ்டாரின் போன்ற மாத்திரைகள் உள்ளன. அவை அண்ணனுக்குப் பொருந்துமா, கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

மாற்று சிகிச்சை: லாரியை விற்பதற்கு முன்

நோய் அடங்கிவிட்டதே, பிறகு எதற்கு மாற்று சிகிச்சை என்று உங்கள் மாமா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மஜ்ஜையில் 5 சதவீதத்துக்குக் கீழே என்பது நுண்ணோக்கியில் பார்த்த கணக்கு. கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் கோடிக்கணக்கான புற்றணுக்கள் இருக்கலாம். அதனால்தான் அடுத்தடுத்த சுற்றுகள். என்.பி.எம்.1 மட்டும் இருந்திருந்தால் அண்ணன் சாதகமான பிரிவில் வந்திருப்பார். எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. சேர்ந்திருப்பதால் 2022 வகைப்பாட்டின்படி அவர் இடைப்பட்ட பிரிவு. இந்தப் பிரிவில், உடம்பு தாங்கும் என்றால், நோய் அடங்கியிருக்கும்போதே மாற்று சிகிச்சையை யோசிப்பதுதான் வழக்கம்.

அதில் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. கடுமையான தொற்று வரலாம். கொடுத்தவரின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கலாம். சிலர் நோயால் இல்லாமல் சிகிச்சையாலேயே இறக்கிறார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வேண்டிவரும். உங்கள் மருத்துவர் 'கட்டாயம்' என்று சொல்லாமல் 'யோசிக்க வேண்டும்' என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் பொருத்தம் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. அதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. நீங்களும் உங்கள் தம்பியும் பார்த்துக்கொண்டால், இருவரில் ஒருவராவது பொருந்த ஏறத்தாழ 44 சதவீதம். இருவருமே பொருந்தாவிட்டாலும் பெற்ற மகன் பாதிப் பொருத்தம் நிச்சயம். பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்று சிகிச்சை செய்கிறார்கள். பொருத்தம் பார்த்துவிட்டதாலேயே சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. லாரி விற்பது பற்றி, என்.பி.எம்.1 ரிசல்ட்டும் பொருத்த முடிவும் கையில் வந்த பிறகு பேசலாம். அதற்கு முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா, இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவரிடம் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாநில எல்லை தாண்டும்போது இந்தக் கேள்வியை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. மருத்துவமனைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

அண்ணி அன்பினால்தான் நிறுத்தியிருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் கணக்கு தப்பு. சாப்பாட்டில் புரதம் குறைந்தால் ரத்தத்தில் அமினோ அமிலம் தீர்ந்துபோவதில்லை. உடம்பு தன் தசையைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பும். புற்றணு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், மெலிவது நோயாளி மட்டும்தான். நான் மேலே சொன்ன அஸ்பராஜினேஸ் மருந்து செய்யும் வேலையைப் பத்தியத்தால் செய்ய முடியாது. அஸ்பராஜினை உடம்பே தயாரித்துக்கொள்கிறதே! அந்த மருந்து வழக்கமாகப் பயன்படுவதும் ஏ.எல்.எல். வகைக்குத்தான்.

புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு தினம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். அண்ணனுக்கு அது 58 முதல் 87 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த முட்டை, சாளைக் குழம்பு, காய்ச்சிய பால், பருப்பு, சுண்டல் எல்லாம் ஆகும். வாய்ப்புண் இருக்கும் நாட்களில் உங்கள் பக்கத்துக் கஞ்சியும் பயறும் போதும், பயறு குழைய வேக வேண்டும். பச்சையானது, அரைவேக்காடு, வழியில் வெட்டி விற்கும் பழம், நேற்று வைத்த குழம்பு ஆகியவை மட்டும் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது அவற்றால் தொற்று வரும். மாமா வாங்கிவந்த உடற்பயிற்சிக்காரர்களின் அமினோ அமிலப் பொடி டப்பாவைத் திறக்க வேண்டாம். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று மருத்துவமனை உணவியலாளர் பார்க்கட்டும்.

கையெழுத்து யாருடையது?

ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். இன்றைக்குப் பயன்படும் என்.பி.எம்.1 பரிசோதனையே அப்படி ரத்தம் கொடுத்தவர்களால் வந்ததுதான். அமினோ அமிலக் குறியீடுகள் என்றாவது ஒரு நாள் நம்பகமான பரிசோதனையாக மாறுமென்றால் இந்த வழியில்தான் மாறும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தரும் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மறுத்தாலும் சிகிச்சை குறையக்கூடாது. விவரத் தாள் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அண்ணன் சந்தையில் பேசும் மலையாளம் போதும் என்று விட்டுவிடாமல் தமிழில் கேளுங்கள். ஆராய்ச்சிக்கான பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக்கூடாது.

ஆனால் அந்தக் கையெழுத்தை நீங்கள் போட முடியாது. அண்ணன்தான் போட வேண்டும். அவர் சுயநினைவோடு, தெளிவாக இருக்கிறார். லாரி கணக்கை இப்போதும் அவரே பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொல்லாமல் ரத்தம் எடுத்து, அந்த முடிவைக் கொண்டு அவருடைய சிகிச்சையை நிறுத்துவது பற்றி அடுத்த அறையில் பேசுவது சரியில்லை, சகோதரி. அவர் தாங்கமாட்டார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. என் அனுபவத்தில், வீட்டார் குரலைத் தாழ்த்திப் பேசுவதை நோயாளிகள் கவனித்துவிடுகிறார்கள். தெரிந்ததைவிட மோசமாகக் கற்பனை செய்துகொண்டு படுத்திருப்பார்கள். "பயத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தோம், அது கணக்கில் சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாற்று சிகிச்சை பற்றி உன் முடிவு என்ன?" என்று நேராகக் கேளுங்கள். ஆபத்து, செலவு, வாய்ப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அவர் சொன்னால், அது மதிக்க வேண்டிய முடிவு. வேண்டும் என்று சொன்னாலும் அப்படியே.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க நினைத்தால் தயங்காதீர்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மஜ்ஜை ரிப்போர்ட், குரோமோசோம் ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், கீமோ விவரம் ஆகிய நான்கும் போதும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அண்ணன் வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். வெள்ளையணு குறைந்தவருக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். மலை இறங்கித் திருவனந்தபுரம் போய்ச் சேர அந்த நேரம் போதாது. எனவே அடுத்த முறை போகும்போது, 'காய்ச்சல் வந்தால் இந்த ஊசியைத் தொடங்கவும்' என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலோடு தென்காசி அரசு மருத்துவமனைக்கு முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பேசி வையுங்கள். திருவனந்தபுரம் வார்டின் ஃபோன் நம்பரை அண்ணியின் செல்போனிலும் மகனின் செல்போனிலும் ஏற்றி வையுங்கள்.